நெரிடாவின் வலப்பக்க ஜன்னல்

சேமிக்கிற பொத்தானை அழுத்தியதும் நெரிடா இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து தூக்கிவிடுவார். பூசையில் குருவானவர் கைகளை விரிப்பது போல, உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்தபடி நிற்கும். கண் திரையின் வலப்பக்கத்துக்குப் போகும். அதற்குள் அங்கே படம் மாறியிருக்கும். "ம்" என்பார். கைகள் இறங்கும். மறுபடி தட்டச்சு, மறுபடி பொத்தான், மறுபடி கைகள் மேலே. காலை முழுக்க இப்படித்தான். தேநீர்க் கோப்பையை அவர் மேசையில் வைக்கப் போகிறவன், கைகள் மேலே இருக்கிற சமயம் பார்த்து வைக்க வேண்டும். கீழே இருக்கும்போது வைத்தால் முழங்கை தட்டிக் கோப்பை போய்விடும். சில கோப்பைகள் போன பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

ஹோபார்ட் துறைமுகத்தின் பின்பக்கம் இருக்கிற எங்கள் கடல் ஆய்வகத்தில், ஜன்னலோர மேசை அவருடையது. அந்த ஜன்னலை அவர் பார்த்து நான் கண்டதில்லை. அவர் பார்ப்பது திரையில் இருக்கிற ஜன்னலை. திரைக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் கறுப்பு, அதில் வெறும் எழுத்து. அதுதான் எடிட்டர். வலப்பக்கம் வெள்ளை, அதுதான் பிரவுசர். வெள்ளைப் பக்கத்தில் தலைப்பு, ஆற்று நீர் ஏறி இறங்குகிற கோடு, சிப்பிப் பண்ணைகள் இருக்கிற குடாக்களின் வரைபடம். சிப்பி எடுக்கலாம் என்றால் அந்தக் குடா பச்சை. கூடாது என்றால் சிவப்பு.

வெள்ளைப் பக்கத்தில் தெரிகிற இந்தத் தாளுக்கு அங்கே நோட்புக் என்று பெயர். தாள் என்றாலும் காகிதம் கிடையாது. பேச்சு ஒரு கட்டம், கணக்கு ஒரு கட்டம், அந்தக் கணக்கு வரைந்த படம் ஒரு கட்டம் என்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். மலையில் மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், அது எந்தக் குடாவின் உப்பைக் கரைத்து அழுக்கைக் கொண்டுவந்து சேர்க்கும், எந்தப் பண்ணையை மூட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்துதான் ஊருக்குப் போகிறது.

மற்றவர்கள் எல்லோரும் இந்தத் தாளைப் பிரவுசருக்குள்ளேயே திறந்து, அதற்குள்ளேயே எழுதுகிறார்கள். ஆய்வகம் அதற்கென்று எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய சர்வரில் இடம் எடுத்து வைத்திருக்கிறது. பொதுக்கூடம் என்று சொல்வார்கள். திறந்தால் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். டாம்சின் என்று ஒரு பெண், எதிர் மேசை. அவர் பொதுக்கூடத்தைத் திறந்துவிட்டு என்னிடம் வந்து காப்பி வாங்கிக்கொண்டு, பிஸ்கட் எது புதுசு என்று கேட்டு, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போவார். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

நெரிடாவுக்கு அது ஆகாது. அவருக்குக் காத்திருக்கவே தெரியாது. சைக்கிளில் வருகிறவர், சிவப்பு விளக்கு விழுந்தால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் ஏறிவிடுவார். மைக்ரோவேவில் சூப்பை வைத்தால் மணி அடிக்கும் வரை விடமாட்டார். இன்னும் கொஞ்சம் நொடி இருக்கும்போதே கதவைத் திறந்து எடுத்துவிடுவார். அடுத்து வருகிறவர் அந்த மிச்ச நொடியை அழித்துவிட்டுத்தான் தன் சாப்பாட்டை வைக்க வேண்டும்.

"நெரிடா மிச்சம் வச்ச நொடியெல்லாம் சேர்த்தா எனக்கு ஒரு வாரம் லீவு வரும்" என்பார் டாம்சின்.

"உனக்கு எதுக்குடி லீவு? உன் கூடம் திறக்கிற வரைக்கும் லீவுலதானே இருக்கே?"

அந்த ஜன்னல் கடையில் வாங்கியதில்லை. அவரே எழுதிய சின்ன நிரல். கறுப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், வெள்ளைப் பக்கத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் மாறும். மற்ற கட்டங்கள் இருந்த இடத்தில் இருக்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"மிக், நீ பைபிள் படிக்கிறே. நடுவுல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துறே. உடனே புஸ்தகம் தானா மூடி, முதல் பக்கத்துக்குப் போயிடுச்சு. என்ன செய்வே?"

"செபம் பண்ணுவேன்" என்றேன்.

"நான் கெட்ட வார்த்தை சொல்வேன். பழைய ஜன்னலெல்லாம் அப்படித்தான். ஒரு கமா மாத்துனா மொத்தப் பக்கமும் முதல்ல இருந்து வரைஞ்சுட்டு, என்னை உச்சில கொண்டுபோய் நிறுத்தும். நான் பார்த்துக்கிட்டிருந்த இடத்தை எவன்டா நகர்த்துனான்னு தோணும். நான் பார்க்கிற இடம் அசையக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

என் பெயர் மிக்கேல். தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்போடு நின்று, கப்பலில் சமையல் பார்த்து, இங்கே கரையேறி, ஆய்வகத்துச் சமையலறைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. முதல் நாளே பெயரை மிக் என்று வெட்டியது நெரிடாதான். இந்த ஊரில் யார் பெயரையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். அவர் பெயரை மட்டும் யாரும் வெட்டியதில்லை.

ஆள் நல்ல உயரம். நரைத்த முடியைக் காதுக்கு மேலே தானே கத்தரித்துக்கொள்வார். முழங்கை தேய்ந்த ஆண்கள் கம்பளிச் சட்டை. மூக்குக்கண்ணாடி ஷூ கயிற்றில் கழுத்தில் தொங்கும். குளிர்காலத்திலும் வேலைக்கு வருமுன் ஆற்று முகத்தில் இறங்கி நீந்திவிட்டு, ஈரத் தலையோடு வந்து கருகின ரொட்டி கேட்பார். கருகவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் பட்டன் என்று ஒரு கிழட்டு நாய். அதையும் அவர் அதட்டித்தான் கொஞ்சுவார்.

மவுஸை அவர் தொடுவதில்லை. அதை வால் கயிற்றால் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கை கீபோர்டை விட்டு எதற்குப் போக வேண்டும் என்பது அவர் கேள்வி. கீபோர்டோ, தட்டினால் கடகடவென்று சத்தம் போடும் பழைய கனத்த கீபோர்டு. எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. எழுந்து போகும்போது அதன் மேல் தாஸ்மானியா வரைபடம் அச்சடித்த துவாலை ஒன்றைப் போர்த்திவிட்டுப் போவார். அதை யாரும் தொடக் கூடாது. தூசி தட்டுகிறவரும் சுற்றித்தான் தட்ட வேண்டும். ஒருமுறை எங்கள் தலைவர் கிரேம், அவசரத்துக்கு அதில் ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிட்டார். நெரிடா என்னிடம் எலுமிச்சைத் துண்டு வாங்கிப் போய், அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார்.

"எனக்கு என்ன தொழுநோயா?" என்றார் கிரேம்.

"விரல்ல பிஸ்கட் தூள். அதைவிட மோசம்."

அந்த ஜன்னலில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. சின்னக் கணக்கெல்லாம் சேமித்ததுமே தானாக ஓடிவிடும்; குடாக்களின் பெரிய கணக்கை மட்டும் தனியாக ஒரு பொத்தானை அழுத்தி ஓட்ட வேண்டும். அந்தப் பெரிய கணக்கில் ஒரு வரியை மாற்றிவிட்டு, அந்தக் கணக்கை மறுபடி ஓட்டாமல் விட்டால், கீழே இருக்கிற பழைய படம் சாம்பல் நிறமாக மங்கிவிடும். ஓட்டிய பிறகுதான் நிறம் திரும்பும். படம் மங்குவதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். கணக்கு ஓடி முடிவதற்கு அது பாட்டுக்கு நேரம் எடுக்கும். ஆறு, மலை, காற்று எல்லாவற்றையும் கூட்ட வேண்டுமே.

"குழம்புல புளியை மாத்திட்டு, முன்னாடி எடுத்து வச்ச கரண்டியை நக்கிப் பார்த்து உப்பு சரியா இருக்குன்னு சொல்ற மாதிரி" என்று எனக்காகவே சொன்னார் நெரிடா. "எங்க ஆளுங்க எல்லாரும் செய்ற தப்பு இது. மேல வரி புதுசு, கீழ படம் பழசு. ரெண்டும் ஒரே தாள்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். பார்க்கிறவனுக்குத் தெரியாது. எழுதினவனுக்கே தெரியாது. அதான் மங்க வச்சேன்."

தவக்காலத்தில் கோயிலில் புனிதர் சிலைகளை, சுரூபங்களை, துணி போட்டு மூடி வைப்போம். உள்ளே சுரூபம் இருக்கும். ஆனால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த மங்கலைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வரும். நெரிடாவிடம் சொன்னேன். அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை. ஆனாலும் "உங்க ஆளுங்களுக்கு அறிவு இருக்கு" என்றார்.

போன தவக்காலத்தில்தான் கிரேம் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். நல்ல மனுஷர். இஸ்திரி கலையாத சட்டை; யாரையும் நோகடிக்கத் தெரியாது; அதனாலேயே கெட்ட சேதியைச் சாப்பாட்டு அறையில், எல்லோரும் வாயில் எதையாவது வைத்திருக்கும்போது சொல்வார். இனி எல்லோரும் பொதுக்கூடத்தில்தான் எழுத வேண்டும். தனித்தனி ஜன்னல் வேண்டாம்.

"என் ஜன்னல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் நெரிடா.

"பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா அது உன் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. நாளைக்கு உன்மேல பஸ் மோதிட்டா, அதை யாரு பார்க்கிறது?"

"நான் பஸ்ல போறதே இல்ல. சைக்கிள்."

"சைக்கிள்ல போறவங்க மேலதான் நெரிடா பஸ் மோதும்."

டாம்சின் சிரித்துப் புரையேறினார். நெரிடா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்தார்.

"டாம்சினுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா?"

"அப்பவும், வெளியாளுங்களுக்கு அது புரியுமான்னு எனக்குச் சந்தேகம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பார்த்தா மிரளுவாங்க." கிரேம் இழுத்தார். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. "சரி. பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை சிப்பிக்காரங்க கூட்டம் இருக்கு. அதை உன் ஜன்னல்ல நடத்து. அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னா இருக்கட்டும். புரியலேன்னா ஈஸ்டர் பாஸ்காவோட எடுத்துடணும்."

"புரியும்" என்றார் நெரிடா. கூடவே, மைக்ரோவேவைப் பாதியில் திறந்து சூப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் கைகள் அதிகம் மேலே போயின. எழுத்தைப் பெரிதாக்கினார், நிறத்தை அடர்த்தியாக்கினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அடுப்பங்கரைக் கதவு தூரத்தில் நிற்கச் சொல்லி, "தெரியுதா?" என்றார். தெரிந்தது. "டாம்சின், நீ வந்து உட்காரு, சொல்லித் தரேன்" என்றார் இன்னொரு நாள். டாம்சின் கீபோர்டைப் பார்த்தார். "உன் கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டிக்கோ" என்றார் நெரிடா.

செவ்வாய்க்கிழமை காலையில் தேநீரோடு போனபோது அவர் தொலைபேசியில் இருந்தார். மலைப்பக்கம் ஆற்றின் மேல்முகத்தில் மழை அளவு பார்த்துச் சொல்கிற பெரில் என்ற அம்மாள் பேசினார். முந்தின நாள் சொன்ன அளவு தவறு. பழைய வாரத்து அளவை வாசித்துவிட்டாராம். அந்தப் பக்கம் அழுகிற மாதிரி குரல் கேட்டது.

"அட விடு பெரில், இப்பவாவது சொன்னியே. சரியான நம்பர் என்ன?" காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தட்டினார். சேமித்தார். கைகள் மேலே போன அந்த நிமிஷம் கிரேம் வாசலில் நின்றார்.

"சிப்பிக்காரங்க சீக்கிரம் வந்துட்டாங்க. டூகல் கீழ நின்னு கத்திக்கிட்டு இருக்காரு."

நெரிடா போனை வைத்தார். கீபோர்டைத் துவாலையில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் வலப்பக்கம் பார்க்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவரும்தான்.

கூட்டம் சாப்பாட்டு அறையில். பெரிய திரை அங்கேதான் இருக்கிறது. சிப்பிக்காரர்கள் வாசலிலேயே ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே வருவார்கள். டூகலின் காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கும். எல்லா வருஷமும் அப்படித்தான். பாட்டன் காலத்திலிருந்து அதே குடாவில் சிப்பி வளர்க்கிற குடும்பம். ஆள் பீப்பாய் மாதிரி. குரல் அதற்கும் மேலே.

"மிக், மச்சான், பை இருக்கா?"

"இருக்கு." கறி மசாலா போட்ட ஸ்காலப் சிப்பியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை. அந்தக் கூட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது.

"அதுக்குத்தான் வந்தேன். இவங்க பேசுறதைக் கேக்க யாரு வருவா?" நெரிடாவைப் பார்த்துக் கண் அடித்தார். "என்ன கண்ணு, பெரிய வெள்ளிக்கு என் குடா திறந்திருக்கும்ல? நேத்து போன்ல பச்சைன்னு சொன்னியே."

"நேத்து பச்சை" என்றார் நெரிடா. "உட்காரு. இன்னைக்கு என்னன்னு பார்ப்போம்."

கிரேம் ஓரத்தில் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். நெரிடாவின் ஜன்னல் மக்கர் பண்ணினால் இருக்கட்டும் என்று, பொதுக்கூடத்தில் அதே தாளைக் கீழே வந்ததுமே திறந்து தயாராக வைத்திருந்தார். வட்டம் சுற்றி முடிந்திருந்தது.

நெரிடா தொடங்கினார். எனக்குப் பயமாக இருந்தது, அவருக்கு இல்லை. இடப்பக்கம் ஒரு வரியைக் காட்டி, "இது நான் கேக்கிற கேள்வி" என்பார். வலப்பக்கம் காட்டி, "இது பதில்" என்பார். காற்றின் திசையை மாற்றிச் சேமித்தார், கைகளைத் தூக்கினார், காற்று அம்புகள் திரையில் திரும்பின. சிப்பிக்காரர்கள் ஓசை எழுப்பினார்கள். "இன்னொரு தடவை திருப்பு" என்றார் ஒருவர். திருப்பினார். "தெற்குக் காத்துன்னா?" என்றார் இன்னொருவர். அதுவும் ஆயிற்று. யாரும் மிரளவில்லை. கிரேமின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

பிறகு காற்றைப் பழைய திசைக்கே திருப்பிவிட்டு, கடைசிப் படத்துக்கு இறங்கினார். குடாக்களின் வரைபடம். எல்லோரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

படம் சாம்பலாக இருந்தது.

அதில் பச்சை இருந்தது. ஆனால் மூடுபனிக்குள் இருக்கிற பச்சை. நெரிடா திரையை நெருங்கிப் பார்த்தார். பிறகு "ஓ" என்றார், மெதுவாக.

"கண்ணு, உன் ஜன்னலுக்குக் கண்புரை வந்துடுச்சு!" என்றார் டூகல். அறை சிரித்தது. ஒருவர் மேசையைத் தட்டினார்.

கிரேம் எழுந்து அவர் அருகில் வந்து குனிந்தார். பை எடுத்துக்கொண்டு நின்ற எனக்கும் கேட்டது. "அந்த மங்கலை நிறுத்துறதுக்கு ஒரு பொத்தான் இருக்குல்ல? நிறுத்திடு. அதே படம்தானே."

"ஒரு பொத்தான்தான்" என்றார் நெரிடா.

"அப்போ?"

"காலைல பெரில் போன் பண்ணுனா. மழை நம்பரை மாத்துனேன். கணக்கை ஓட்டல." குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "வரி புதுசு. படம் பழசு. நான்தான் மறந்தேன்."

"நெரிடா, இவங்க உன் ஜன்னலைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. இப்ப போய் அதை ஓட்டுனா எவ்வளவு நேரம் ஆகும்!" கிரேம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அது மிரட்டலாக இல்லை. அவருக்கே அந்த ஜன்னல் பிழைக்க வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது.

"கிரேம், உங்க பெட்டில என்ன தெரியுது?" என்று டூகல் எழுந்து லேப்டாப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இதோ! பளிச்னு இருக்கே. என் குடா பச்சை! இதைக் காட்டுங்கப்பா. எதுக்கு அழுக்குக் கண்ணாடில பார்க்கணும்?"

அது உண்மை. லேப்டாப்பில் அதே படம், மங்கல் எதுவும் இல்லாமல், புது இலை மாதிரி பச்சையாக இருந்தது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

நெரிடா கணக்கை ஓட்டுகிற பொத்தானை அழுத்தினார். கைகளைத் தூக்கினார்.

படம் வரவில்லை. கைகள் மேலேயே நின்றன.

நான் பைகளைப் பரிமாறினேன். ஆறிப்போன ஒன்றை மைக்ரோவேவில் வைத்தேன். ஒருவர் படகு இன்ஜின் கதை சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாம்சின் நகத்தைக் கடித்தார். கிரேம் தன் லேப்டாப்பைப் பெரிய திரைக்கு மாட்டுகிற கேபிளைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நான் மனசுக்குள் மாதாவிடம் சொல்லிக்கொண்டேன், இந்த அம்மா சிவப்பு விளக்குக்குக்கூட நிற்காதவர் என்று.

அவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் படத்தைப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஆற்றில் இறங்குமுன் தண்ணீரைப் பார்க்கிறவர் மாதிரி. மைக்ரோவேவ் முழுக்க ஓடி மணி அடித்தது. அவர் இருக்கிற அறையில் அந்த மணியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது படம் வந்தது. மங்கல் விலகியது. குடாக்கள் ஒவ்வொன்றும் பச்சையாக நின்றன, ஆற்றின் வாய்க்கு நேரே இருக்கிற ஒன்றைத் தவிர. அது சிவப்பு.



"அது என் குடா" என்றார் டூகல். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. உடனே குரல் திரும்பி வந்தது. "அங்க பச்சை, இங்க சிவப்பா? என்ன விளையாட்டு இது? பெரிய வெள்ளிக்குப் பாதி ஹோபார்ட் என் சிப்பியைத்தான் தின்னும்!"

"தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டா, பாதி ஹோபார்ட் உன் பேரைத்தான் சொல்லும்."

"அதுல பச்சை இருக்குன்னு சொல்றேன்!"

"அது பளிச்னு இருக்கு டூகல். ஆனா பழசு. மலைல பெஞ்ச மழை அதுக்கு இன்னும் தெரியாது."

கிரேம் தன் லேப்டாப்பின் மேல் குனிந்தார். விரலால் திரையை மேலே தள்ளித் தள்ளிப் போய் நின்றார். பெரில் சொன்ன புது அளவு அங்கேயும் இருந்தது. நெரிடா காலையில் சேமித்த அதே தாள்தானே. மேலே புது எண். கீழே பழைய பச்சை. இரண்டும் ஒன்றையொன்று தெரியாதது போல ஒரே பக்கத்தில் இருந்தன. அவர் எண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பெரிய திரையைப் பார்த்தார். கையில் இருந்த கேபிளைச் சுருட்டி மேசையில் வைத்தார். லேப்டாப்பை மூடினார்.

"மேல பேசு, நெரிடா" என்றார்.

ஆனால் பேசியது டூகல்தான். உட்காரவில்லை. காலுறைக் காலோடு திரைக்குப் பக்கத்தில் போய், தன் குடாவின் சிவப்பு மேல் கட்டைவிரலை வைத்தார்.

"இன்னைக்கு விடியக்காலைல நானே படகுல போய் உப்பு அளந்தேன். குடா வாசல் பக்கம் உப்பு ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. உன் தாள்ல அது எங்க இருக்கு? சொல்லு."

"இல்ல."

"ஏன் இல்ல?"

"நீ சொல்லவே இல்லையே."

"யாரு கேட்டா?"

நெரிடா கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உன் அளவை வச்சு குடாவைத் திறக்க முடியாது" என்றார். "அதுக்கு எங்க ஆள் வந்து தண்ணி எடுக்கணும், சோதிக்கணும். இன்னைக்கே அனுப்புறேன். ஆனா உன் நம்பரை உள்ள போட்டா இது என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம். எனக்கும் பார்க்கணும்."

"பார்த்தா?"

"சிவப்புன்னா சிவப்பு. நீ என்னைத் திட்டலாம். வேற மாதிரி வந்தா, நான் எங்க தப்பு பண்ணுனேன்னு தேடணும்."

டூகல் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கத்துக் கறுப்பில், பெரிலின் எண் இருக்கிற வரிக்குக் கீழே, நெரிடா ஏற்கெனவே ஒரு வெற்று வரி இறக்கியிருந்தார். அதில் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அங்கதான் போடணுமா?"

"அங்கதான்."

டூகல் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். நெரிடா கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். டூகல் உட்கார்ந்தார். சிப்பி ஓடு கீறிக் கீறித் தடித்துப்போன விரல்கள். நுனியில் பையின் மஞ்சள் எண்ணெய் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்தார்.

நெரிடா தாஸ்மானியாத் துவாலையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கீபோர்டை மேசையின் மேல் மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.